ஒளியும் நிழலும் நிலை மாறாமல்: உயர் ஒளிவீச்சு ஒளிப்படத்தில் இயல்புத் தோற்றம்

முன்னுரை

நண்பகல் வேளையில் இருண்டதொரு மண்டபத்தின் உள்ளிருந்து வாயிலை நோக்குவோர், உள்ளையும் புறத்தையும் ஒருசேரக் காண்கின்றனர். தூணின் நிழலில் அமர்ந்திருப்பவரின் முகமும் தெரிகின்றது. வாயிலுக்கு அப்பால் வெயிலில் நிற்கும் மரத்தின் இலையும் தெரிகின்றது. அவ்விடத்திலேயே நின்று ஒளிப்படக் கருவியால் ஒரு படம் எடுப்போமாயின், மரம் வெளுத்து உருவிழந்து போகின்றது. அல்லது முகம் கருத்து மறைந்து போகின்றது. கண் கண்டதைக் கருவி காணவில்லை.

இக்குறையைக் களைவதற்குத் தோன்றியதே 'எச்.டி.ஆர்.' என்று சுருக்கமாக வழங்கும் உயர் ஒளிவீச்சு ஒளிப்பட முறையாகும். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் பல படங்களாக எடுத்து அவற்றை ஒன்றாக இணைப்பது இதன் அடிப்படை. இன்று கைப்பேசிகளில் இது தானாகவே இயங்குகின்றது. ஆயினும் இவ்வாறு உருவாகும் படங்களுள் பல, பார்த்த அளவிலேயே செயற்கை என்று சொல்லத்தக்கனவாக உள்ளன. மேகங்கள் புகைபோல் கறுத்துத் திரள்கின்றன. கட்டடங்களின் விளிம்பில் வெண்ணிற வளையம் படர்கின்றது. புல்லும் சுவரும் மனிதரின் தோலும் சாயம் பூசியவைபோல் மின்னுகின்றன.

குறை களைய வந்த முறையே புதுக்குறைக்குக் காரணமானது ஏன்? அதனைத் தவிர்த்து இயல்பான தோற்றத்தைப் பெறுவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளிவீச்சின் கணக்கு

ஒரு காட்சியில் மிகுந்த ஒளியுடைய இடத்திற்கும் மிகக் குறைந்த ஒளியுடைய இடத்திற்கும் உள்ள விகிதமே ஒளிவீச்சு எனப்படும். ஒளிப்படக் கலைஞர் இதனை 'ஸ்டாப்' என்னும் அளவால் குறிப்பர். ஒரு ஸ்டாப் கூடுதல் என்பது ஒளி இரு மடங்காதல். எனவே 10 ஸ்டாப் என்பது 10 மடங்கைக் குறிப்பதன்று. இரண்டைப் பத்து முறை பெருக்கிவரும் 1,024 மடங்கைக் குறிக்கும். 15 ஸ்டாப் என்பது 32,768 மடங்கு.

இவ்வளவுகோலைக் கொண்டு உலகம், கருவி, தாள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் காண்போம்.

உலகின் ஒளிவீச்சு மிகப் பெரியது. நேர் வெயிலில் ஒரு பரப்பின்மீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். முழுநிலவில் விழுவதோ ஒரு லக்ஸில் கால் பங்கு அளவே. இவ்விரண்டும் ஒரே காட்சியில் வாரா எனினும், வெயில் படும் முற்றமும் இருண்ட அறையின் மூலையும் ஒரே காட்சிக்குள் வருங்கால் 10 முதல் 15 ஸ்டாப் வரை வேறுபாடு எழுதல் உண்டு.

அடுத்தது கருவி. இன்றைய நல்ல டிஜிட்டல் கேமராவின் உணரி, 'ரா' வகைக் கோப்பில், ஏறத்தாழ 14 ஸ்டாப் வரை பதிய வல்லது. ஆயினும் அவ்வீச்சின் அடிப்பகுதியில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் மிகுந்து உருவைக் கெடுக்கும்.

மூன்றாவது தாள். நல்ல வெண்தாள் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். நல்ல கருமை நூற்றில் ஒரு பங்கு அளவைத் திருப்பி அனுப்பும். ஆகவே நல்ல அச்சில்கூட விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே நிற்கும். அஃதாவது ஆறு அல்லது ஏழு ஸ்டாப்.

சிக்கல் எங்குள்ளது என்பது இப்போது விளங்கும். பல படங்களை எடுத்து இணைப்பதன் வாயிலாக உலகின் 15 ஸ்டாப்பையும் பதிந்துவிடலாம். பதிந்த 15ஐத் தாளின் ஏழுக்குள் அடக்குவதே அரிய பணி. குடத்து நீரைச் செம்பில் அடைக்கும் வேலை இது. எதனை எவ்வளவு குறைப்பது என்னும் தெரிவு இங்கே தேவையாகின்றது. இயல்புத் தோற்றம் கைகூடுவதும் கைநழுவுவதும் இத்தெரிவினாலேயே.

கண் காணும் முறை

கண் எல்லாவற்றையும் ஒரே நொடியில் காண்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. ஒரு நொடியில் கண் கூர்ந்து நோக்குவது காட்சியின் மிகச் சிறு பகுதியையே. பார்வை மூலைக்கு மூலை தாவுகின்றது. தாவும் இடத்திற்கு ஏற்பக் கண் தன்னைப் பொருத்திக்கொள்கின்றது. கண்டவற்றை மூளை ஒன்றாகத் தொகுக்கின்றது. கண்ணின் பாவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் முதல் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடியது. பரப்பளவில் இது 16 மடங்கு. அதாவது நான்கு ஸ்டாப் மட்டுமே. எஞ்சிய பெரும்பணியைச் செய்வன விழித்திரையும் மூளையும் ஆகும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழகுவதற்கு அரைமணி நேரம் அளவு வேண்டும் என்பதும் நாம் அறிந்ததே.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டோருள் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் குறிப்பிடத்தக்கவர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல், வலிய ஒளியை நோக்கும் கண் வருந்துவதையும், அதன் சுவடு கண்ணில் சிறிது நேரம் தங்குவதையும் சுட்டுகின்றது. இரவில் தெரியும் விண்மீன்கள் பகலில் தெரியாமை பற்றியும் அந்நூல் பேசுகின்றது. விண்மீன் இடம்பெயரவில்லை, அதன் ஒளியும் குன்றவில்லை. சூழ்ந்துள்ள ஒளி மிகுந்ததனால் அது காணப்படாது போயிற்று. ஒரு பொருள் எவ்வளவு ஒளியுடையதாகத் தோன்றும் என்பதை அதன் அயலில் உள்ள ஒளி முடிவு செய்கின்றது என்னும் இவ்வுண்மை நம் பொருளுக்கு அடித்தளமாகும்.

இதிலிருந்து ஒரு வேறுபாட்டை நாம் தெளிதல் வேண்டும். தெரிதல் வேறு, ஒளிர்தல் வேறு. மண்டபத் தூணின் நிழலில் இருப்பவரின் முகம் நமக்குத் தெரிகின்றது. எனினும் அது நிழலில் உள்ளது என்பதையும் உடன் அறிகின்றோம். வெயிலில் உள்ள முகத்தோடு அதனை மயங்குவதில்லை. நிழலில் உள்ளதைத் தெரியச் செய்ய முற்பட்டு, அதனை ஒளிரச் செய்துவிடுவதே எச்.டி.ஆர். படங்களின் முதற்பிழை.

முன்னோர் கண்ட வழி

பல படங்களை இணைத்து ஒன்றாக்கும் எண்ணம் கணிப்பொறிக்கு முற்பட்டது. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிப் படங்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அக்காலக் கண்ணாடி நெகட்டிவ்கள் நீலநிறத்தை மிகுதியாக உணர்பவை. கடலுக்கு ஏற்ப ஒளியளித்தால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். லெ கிரே வானத்திற்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை எடுத்து, தொடுவானக் கோட்டில் அவற்றைப் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் வெளிவந்த செத் நகரின் பேரலைப் படத்தை உற்றுநோக்குவோர், மேகம் கடலைத் தொடும் கோட்டில் இணைப்பைக் காண இயலும். ஆயினும் பொதுநோக்கில் அப்படம் உறுத்துவதில்லை. மேகத்தினூடே வரும் ஒளி மேலே நிற்கின்றது. கடல் அதற்குக் கீழ்ப்பட்டு இருண்டு கிடக்கின்றது. இணைக்கப்பட்டபின்னும் ஒளியின் வரிசை மாறவில்லை என்பதே காரணம்.

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த 'மண்டல முறை' இவ்வரிசையை ஒரு கணக்காகவே ஆக்கித் தந்தது. முழுக்கருமை முதல் முழுவெண்மை வரை ஒளிநிலையை 0 முதல் 10 வரையான பதினொரு மண்டலங்களாக அவர்கள் பகுத்தனர். நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். உருவம் தெரியும் ஆழ்நிழல் மூன்றாம் மண்டலம். நுண்மை கெடாத வெண்மை ஏழாம் மண்டலம். படம் எடுக்கும் முன்னரே எந்தப் பொருள் எந்த மண்டலத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது இம்முறையின் உயிர்நாடி.

ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவெழும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அதனை அவர் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். பிற்காலப் படிகளில் வானம் மேலும் மேலும் கறுத்தது. கலைஞர் உரிமை எடுத்துக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் படியிலும் நிலவை வானம் விஞ்சவில்லை. கல்லறைச் சிலுவைகள் நிலவை விஞ்சவில்லை.

கணிப்பொறி தந்த வசதி

டிஜிட்டல் முறையில் இதன் தொடக்கமாக ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிக்கார்டு ஆகியோர் 1995இல் வெளியிட்ட கட்டுரையைக் குறிப்பிடலாம். 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இம்முறையைப் பரவலாக்கியது. அவ்வாய்வில் இடம்பெற்ற சான்று நம் கவனத்திற்குரியது. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள நினைவுத் தேவாலயத்தின் உட்புறம் அது. வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றின் நேர்ப்பின்னே கதிரவன். கூரைவிட்டங்களிலோ இருள். 30 விநாடி முதல் 1/1000 விநாடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து, பதினாறு படங்கள் எடுக்கப்பட்டன. அப்பதினாறிலிருந்தும் ஒவ்வொரு புள்ளியின் உண்மை ஒளியளவைக் கணக்கிட்டு ஒரே கோப்பில் சேர்த்தனர். ஒளியை அடக்கும் புதுமுறை காண்போர் பலரும் அதனை முதலில் சோதித்துப் பார்ப்பது இத்தேவாலயப் படத்தில்தான்.

அவ்வாறு அடக்கும் செயலுக்கு 'டோன் மேப்பிங்' என்பது பெயர். இதில் இருவகை உண்டு. படம் முழுவதற்கும் ஒரே விதியைச் செலுத்துவது ஒருவகை. இதில் ஒளியின் வரிசை கெடாது; ஆனால் நுண்மை மங்கும். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அயலை நோக்கி வேறுவேறு விதியைச் செலுத்துவது மற்றொரு வகை. இதில் நுண்மை சிறக்கும். ஆனால் வரிசை கெடும் இடர் உண்டு. 2002இல் எரிக் ரைன்ஹார்டும் உடன் ஆய்வாளரும் தந்த முறை, ஆடம்சின் மண்டல முறையையும் இருட்டறையில் கையால் நிழலிட்டு அச்சிடும் பழக்கத்தையும் கணக்காக மாற்றியது. 2007இல் மெர்ட்டென்சும் அவர்தம் குழுவினரும் தந்த இணைப்பு முறை, ஒவ்வொரு படத்திலும் நன்கு பதிந்த பகுதிகளை மட்டும் எடுத்துக் கலக்கின்றது. மிகைத் தோற்றம் குறைவாக வருதலின் தொடக்க நிலையினர்க்கு இப்பின்னைய முறை ஏற்றது.

கைப்பேசிகளில் நிலை சற்று வேறு. ஐபோனில் 2010இல் இவ்வசதி வந்தது. கூகுள் நிறுவனத்தின் முறையை விளக்கி 2016இல் வெளியான ஆய்வின்படி, குறைந்த ஒளியளவில் ஒரேவிதமான பல படங்கள் அடுத்தடுத்து எடுக்கப்படுகின்றன. அவற்றைச் சேர்ப்பதனால் நிழற்பகுதியின் புள்ளிகள் குறைகின்றன. பின்னர் நிழல் உயர்த்தப்படுகின்றது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, மிகு ஒளித் திரைகளுக்கு ஏற்ற படக்கோப்பு வகையையும் ஏற்றுக்கொண்டது. அத்தகைய திரையில் அடக்க வேண்டிய அளவு குறையும். தாளில் அச்சிடும்வரை நாம் மேலே கண்ட கணக்கு மாறப்போவதில்லை.

இயல்பு என்பது யாது?

உள்ளதை உள்ளவாறே காட்டுவதே இயல்பு எனில், எந்தப் படமும் இயல்பானதன்று. 15 ஸ்டாப்பை ஏழுக்குள் காட்டும்போதே மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது. தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இது புதிய சிக்கலன்று. உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டைத் தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் குறிக்கின்றது. இரண்டும் கூடியதே புலனெறி வழக்கம் என்பது அதன் கொள்கை. தெரிந்தெடுத்தலும் சுவைபடப் புனைதலும் புலவனுக்கு உரியன; ஆனால் அவை உலகியலை வேராகக் கொள்ள வேண்டும். ஒளிப்படத்திற்கும் இது பொருந்தும். அளவைக் குறைப்பது நாடக வழக்கு. வரிசையைக் காப்பது உலகியல் வழக்கு.

எனவே இயல்புக்கு நாம் தரும் இலக்கணம் இது: இரு இடங்களுக்கு இடையே உள்ள ஒளி வேறுபாட்டைக் குறைக்கலாம், அழித்தல் ஆகாது, தலைகீழாக்குதல் அறவே ஆகாது.

இயல்பு கெடும் இடங்கள்

இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கின், மிகைப்பட்ட படங்களில் காணும் குறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. விளிம்பு வளையம். இருண்ட கோபுரத்தைச் சூழ்ந்த வானம் மட்டும் வெளுத்துத் தோன்றுதல். பகுதி பகுதியாக ஒளியை மாற்றும் விதி, எல்லைக்கோட்டைக் கடந்து அயலிலும் படர்வதனால் இது நேர்கின்றது.

2. வரிசை மாற்றம். வானம் தரையைவிட இருண்டுபோதல். பகலில் வெயில் நேரே விழாத தரைக்கு ஒளி தருவது வானமே. கொடுப்பவன் பெறுபவனைவிட வறியவனாகத் தோன்றினால் கண் ஏற்பதில்லை. நீரில் தெரியும் வானத்தின் நிழலுரு, வானைவிட ஒளிமிகுந்து தோன்றுவதும் இவ்வகையே.

3. நிழலின்மை. எல்லா இடமும் நடுச்சாம்பலை நோக்கி வந்து, படம் தட்டையாதல். நிழல் போனால் பொருளின் திரட்சி போகும். ஒளி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதும் தெரியாது போகும்.

4. மிகுநுண்மை. சுவரின் காரையும் முகத்தின் சுருக்கமும் மேகத்தின் மடிப்பும் ஒரே அளவில் துருத்தி நிற்றல். மென்மையானது மென்மையாகவும் சொரசொரப்பானது சொரசொரப்பாகவும் இருத்தலே பொருளியல்பு.

5. நிற மிகை. ஒளியை அடக்கும்போது நிறச்செறிவு தானே உயர்வது போலத் தோன்றும். நிழலில் உள்ள நிறம் மங்கியிருப்பது இயல்பு. அதனை வெயில் நிறம்போல் ஆக்கினால் சாயம் பூசிய தோற்றம் வரும்.

6. ஆவியுரு. படங்கள் எடுக்கும் இடைவெளியில் ஆள் நடந்தாலோ இலை அசைந்தாலோ ஒரே பொருள் இரண்டாகவோ அரையுருவாகவோ பதிதல்.

படம் எடுக்கும் நிலையில் செய்வன

முதலில், தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே 'ரா' கோப்பில் அடங்கும் காட்சிக்குப் பல படங்கள் வேண்டுவதில்லை. ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தைக் கேமராவின் திரையில் காணலாம். அது வலக்கோடியையும் இடக்கோடியையும் ஒருங்கே முட்டி நின்றால் மட்டுமே எச்.டி.ஆர். முறையை நாடுதல் தகும்.

தேவையென்று கண்டபின், கேமராவை முக்காலியில் நிறுத்துக. 'ரா' வகையைத் தெரிவு செய்க. ஐ.எஸ்.ஓ. அளவைக் குறைந்த நிலையில் வைக்க. குவியத்தையும் வெண்மைச் சமநிலையையும் மாறாமல் நிறுத்துக. ஒளியளவை ஷட்டர் வேகத்தால் மட்டுமே மாற்றுக. லென்ஸின் துளையளவை மாற்றினால் தெளிவின் ஆழம் படத்துக்குப் படம் வேறுபட்டு, இணைப்புப் பொருந்தாது.

ஒரு சான்றால் இதனை விளக்குவோம். ஒரு நூலக அறை. அதன் சாளரத்திற்கு வெளியே வெயில். எஃப்8 துளையளவில், வெளிப்புறத்தை மட்டும் அளந்தால் கேமரா 1/250 விநாடி காட்டுகின்றது எனவும், அறையின் இருண்ட மூலையை மட்டும் அளந்தால் 2 விநாடி காட்டுகின்றது எனவும் கொள்வோம். வேறுபாடு ஏறத்தாழ 500 மடங்கு; அதாவது 9 ஸ்டாப்.

கேமராவின் அளவி எதனை அளந்தாலும் அதனை நடுச்சாம்பலாக, அஃதாவது ஐந்தாம் மண்டலமாக ஆக்கவே வழி சொல்லும். ஆனால் மூலை நடுச்சாம்பலாக வேண்டுவதில்லை. அது மூன்றாம் மண்டலத்து நிழலாகவே நிற்க வேண்டும். ஆகவே 2 விநாடிக்கு மாறாக, இரு ஸ்டாப் குறைத்து, 1/2 விநாடி போதும். வெளிப்புறத்திலோ வெண்மேகமும் வெள்ளைச் சுவரும் உண்டு; அவை எரிந்துவிடாமல் இருக்க 1/250க்கு மாறாக 1/500 கொள்வது நன்று. இனி 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 விநாடி என இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் போதுமானவை. நிழலை நிழலாகவே வைக்க முடிவு செய்ததனால் 2 விநாடிப் படமே தேவையற்றதாயிற்று என்பதை மாணவர் கருதுக. இயல்பைப் பற்றிய முடிவு, கணிப்பொறியின் முன் அமர்வதற்கு முன்னரே எடுக்கப்படுகின்றது.

இணைக்கும் நிலையில் செய்வன

ஐந்தையும் மென்பொருளில் இணைத்தபின், அதே சான்றைத் தொடர்வோம். வெளிப்புறம் ஏழாம் மண்டலத்தில் நிற்கட்டும். மூலை மூன்றாம் மண்டலத்தில் நிற்கட்டும். உலகில் 9 ஸ்டாப்பாக இருந்த வேறுபாடு படத்தில் 4 மண்டலமாகச் சுருங்கியது. சுருங்கினும் வேறுபாடு இருக்கின்றது. பார்ப்போர் வெளியே வெயிலையும் உள்ளே நிழலையும் உணர்வர். மிகைப்படுத்துவோர் இரண்டையும் ஐந்தாம் மண்டலத்திற்குக் கொணர்கின்றனர். வேறுபாடு சுழியாகின்றது. அப்போது சாளரம் சாளரமாகத் தோன்றாது. சுவரில் மாட்டிய நாட்காட்டிப் படம்போலத் தோன்றும்.

பிற குறிப்புகள் வருமாறு:

முதலில் படம் முழுவதற்குமான பொது ஒளியைச் சரிசெய்து, அதன் பின்னரே பகுதிகளைத் தொடுதல் வேண்டும். படத்தில் எங்கேனும் ஓர் இடம் முழுக்கருமையாக நிற்கட்டும். அக்கருமையே ஏனைய நிழல்களுக்கு அளவுகோல். விளக்கின் சுடர், நீரில் மின்னும் கதிர் போன்றவை முழுவெண்மையாகப் போவதில் குற்றமில்லை. கண்ணுக்கும் அவை அவ்வாறே தோன்றுவன. விளிம்பு வளையம் தோன்றின் பகுதி மாற்றத்தின் வலிமையைக் குறைக்க. நிறச்செறிவை இறுதியில், நிழற்பகுதிகளில் சற்றுத் தாழ்த்துக. ஆவியுரு தோன்றும் இடத்தில் ஐந்தனுள் ஒரே படத்தை மட்டும் கொள்க.

எளியதொரு வழியும் உண்டு. முடித்த எச்.டி.ஆர். படத்தின்மேல், நடு ஒளியளவில் எடுத்த ஒற்றைப் படத்தை அடுக்கி, பாதியளவு ஊடுருவித் தெரியுமாறு கலக்கலாம். மிகை பெரும்பாலும் தணிந்துவிடும். முடித்த படத்தை உடனே வெளியிடாமல் ஒருநாள் கழித்துப் பார்ப்பதும் நன்று. நெடுநேரம் திரையை நோக்கிய கண் மிகைக்குப் பழகிவிடுகின்றது. ஓய்ந்த கண் அதனை எளிதில் காட்டிக்கொடுக்கும்.

பார்க்கும்போது மூன்று வினாக்களை எழுப்புக. ஒளி எங்கிருந்து வருகின்றது என்று சொல்ல முடிகின்றதா? இது காலையா, நண்பகலா, மாலையா என்று தெரிகின்றதா? படத்தின் பொருளுக்கு முன் படத்தின் முறை கண்ணில் படுகின்றதா? முதல் இரண்டிற்கு ஆம் என்றும், மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வருமாயின் அது இயல்பான படம்.

இயல்பும் நம்பகமும்

இவையெல்லாம் அழகு பற்றிய பேச்சு மட்டும்தானா என்னும் ஐயம் எழலாம். அவ்வாறன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும்.

2012 நவம்பரில் காஸா நகரின் குறுகிய சந்து ஒன்றில், வான்தாக்குதலில் உயிரிழந்த இரு குழந்தைகளின் உடல்களை உறவினர் ஏந்திச் செல்லும் காட்சியைச் சுவீடன் நாட்டு ஒளிப்படக் கலைஞர் பால் ஹான்சன் படமாக்கினார். அப்படம் 2013 பிப்ரவரியில் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் அவ்வாண்டின் சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது. மே மாதத்தில் ஐயம் ஒன்று கிளம்பியது. முகங்களில் விழுந்த ஒளி நம்பத்தக்கதாக இல்லை. பல படங்களை ஒட்டி இது செய்யப்பட்டிருக்கலாம் என்றனர். போட்டி அமைப்பாளர் டிஜிட்டல் படங்களை ஆராய்வதில் வல்லோரைக் கொண்டு மூலக்கோப்பை ஆராயச் செய்தனர். இது ஒட்டுப்படம் அன்று. ஒளியும் நிறமும் பொதுவாகவும் பகுதி பகுதியாகவும் திருத்தப்பட்டுள்ளன என்பது வல்லோரின் முடிவு. ஒரே மூலக்கோப்பை வெவ்வேறு ஒளியளவுகளில் உருவாக்கிச் சேர்த்ததாகவும், சந்தில் சீரற்று விழுந்த ஒளியைக் கண் காண்பதுபோல் காட்டவே அவ்வாறு செய்ததாகவும் ஹான்சன் விளக்கினார்.

படம் உண்மை, இறந்த குழந்தைகள் உண்மை, ஏந்திச் சென்றவர்களின் துயரம் உண்மை. ஆயினும் உலகம் சில நாள்கள் அத்துயரத்தை விட்டுவிட்டு ஒளியைப் பற்றியே வழக்காடியது. ஒளி சற்று மிகையாகத் தோன்றியதே அவ்வழக்குக்கு வாயில் திறந்தது. நம்ப விரும்பாதவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. செய்தி கூறும் படத்தில் இயல்பு என்பது நம்பகத்தின் மறுபெயர் என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுதல் அரிது.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால், உலகின் ஒளிவீச்சு தாளின் ஒளிவீச்சினும் மிகப் பெரிது என்பதும், ஆதலின் அடக்குதல் தவிர்க்க இயலாதது என்பதும் பெறப்பட்டன. அவ்வாறு அடக்குங்கால் வேறுபாட்டைக் குறைக்கலாமேயன்றி அழித்தலோ தலைகீழாக்குதலோ ஆகாது என்பதும், அம்முடிவு படம் எடுக்கும் நிலையிலேயே தொடங்குகின்றது என்பதும் தெளிவாயின. லெ கிரேயின் கண்ணாடி நெகட்டிவும் ஆடம்சின் இருட்டறையும் இன்றைய கைப்பேசியும் கருவியால் வேறுபட்டவை, இந்நெறியால் ஒன்றுபட்டவை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா உள்ளது. இல்லத் திருமணமும் ஊர்த் திருவிழாவும் வெள்ளமும் விபத்தும் அதில் பதிகின்றன. நாளை அவற்றைக் காண்போர் நம்மை அருகில் வைத்து விளக்கம் கேட்க இயலாது. படம் ஒன்றே பேசும். நிழலை நிழலாக விட்டுவைத்த படமே தன் வேளையையும் தன் இடத்தையும் சொல்லும். ஒளிப்படம் பயிலும் மாணவர் இருளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதில் உருவம் தெரிந்தால் போதும், ஒளி வேண்டா.